எந்திரனும் அயலானும்: அறிவியல் புனைகதைச் சொற்களின் பிறப்பும் திணையும்

தென் அந்தமானில் சௌல்தாரி போன்ற சிற்றூர்களில் தமிழும் தெலுங்கும் வங்காளமும் இந்தியும் பேசுவோர் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 13 பேர். இத்தகைய ஊரில் வாழும் மொழியியலார்க்குச் சில ஒப்புமைகள் தேடாமலே கிடைத்துவிடுகின்றன. 2010இல் ஷங்கர் இயக்கத்தில் வெளிவந்த ஒரு திரைப்படம் தமிழில் 'எந்திரன்' எனவும், தெலுங்கில் 'ரோபோ' எனவும், இந்தியில் 'ரோபோட்' எனவும் பெயர் பெற்றது. ஒரே படத்தை ஒரே தெருவில் மூன்று பெயரால் சொல்லக் கேட்டிருக்கிறேன். தெலுங்கும் இந்தியும் கடன்சொல்லோடு அமைந்துவிட, தமிழ் மட்டும் பழஞ்சொல் ஒன்றனை எடுத்து அதற்கு 'அன்' என்னும் விகுதியை ஏன் சேர்த்தது என்ற வினா அங்கே எழுகின்றது.

இதற்கு எளிய விடை ஒன்று உண்டு. அதனை முதலில் கூறிவிடுவதே முறை. தமிழ்ப் பெயர் சூட்டிய திரைப்படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு அளிக்கும் ஆணை தமிழ்நாட்டில் 2006இல் பிறந்தது. அதன்பின் பல படங்களின் பெயர்கள் தமிழாயின. தொடக்கத்தில் ஆங்கிலப் பெயரால் பேசப்பட்டுவந்த இப்படமும் தமிழ்ப் பெயர் பெற்றது. ஆயினும், ஆணை தமிழ்ப் பெயரைக் கேட்டதே தவிர, உயர்திணைப் பெயரைக் கேட்கவில்லை. 'எந்திரம்' என்று வைத்திருந்தாலும், நெடுநாளாக வழங்கிவரும் 'இயந்திர மனிதன்' என்பதனையே வைத்திருந்தாலும் அப்பெயர் பொருந்தியிருக்கும். வரிவிலக்கு ஒரு சொல்லுக்குத் தேவையை உண்டாக்கலாம். அச்சொல்லின் வடிவத்தை விளக்க அதனால் இயலாது.

அறிவியல் புனைகதைகளில் வழங்கும் தமிழ்ச் சொற்களைப் பற்றி நம்மிடையே நிலவும் பொதுக்கருத்து, அவை யாவும் ஆங்கிலச் சொற்களின் மொழிபெயர்ப்புகளே என்பதாகும். எனவே அவற்றுக்கெனத் தனி வரலாறு இல்லை. ஆங்கிலச் சொல்லின் பிறப்பை அறிந்தால் தமிழ்ச் சொல்லின் பிறப்பையும் அறிந்ததாகிவிடும் என்று கருதிவிடுகிறோம். கலைச்சொற்பட்டியல்களை மட்டுமே சான்றாகக் கொள்வதனால் விளைந்த மயக்கம் இது. பட்டியலில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல்லும் வலப்பக்கம் அதற்கு நேரான தமிழ்ச் சொல்லும் இருக்கும். பொருள் எங்கிருந்து வந்தது என்பதனை அப்பட்டியல் காட்டும். சொல் எந்த வாயில் பிறந்தது, பிறந்தபோது எந்தத் திணையில் நின்றது, யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்பவற்றைக் காட்டாது. கதைகளில் பிறந்த சொற்களுக்கோ இவையே முதன்மையான செய்திகள் என்பது என் துணிபு.

சாப்பெக்கின் சொல்

'ரோபோட்' என்னும் சொல்லின் பிறப்பு பலரும் அறிந்ததே. செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட நாடகத்தில் இச்சொல் வருகிறது. 1921 ஜனவரியில் பிராகு நகரில் அந்நாடகம் அரங்கேறியது. செயற்கை உழைப்பாளிகளுக்கு இலத்தீன் வேரிலிருந்து ஒரு பெயரைச் சாப்பெக் முதலில் எண்ணியிருந்தார். அது செயற்கையாக ஒலிப்பதாக அவருக்கே தோன்றியது. ஓவியராகிய தமையன் யோசப் 'ரோபோட்' என்று சொல்லிக்கொடுத்தார். இச்செய்தியைக் காரல் சாப்பெக்கே 1933இல் எழுதியுள்ளார். செக் மொழியில் 'ரோபோட்டா' என்பது பண்ணையடிமைகள் நிலவுடைமையாளருக்குக் கூலியின்றிச் செய்யவேண்டிய கட்டாய உழைப்பு. நம் கல்வெட்டுகளில் 'வெட்டி' என வழங்கும் சொல் ஏறத்தாழ இதே பொருளது. சாப்பெக் சோழநாட்டில் பிறந்திருந்தால் அவருடைய நாடகத்தின் பெயர் வேறு விதமாக அமைந்திருக்கும் என்று வேடிக்கையாகச் சொல்லத் தோன்றுகிறது. கூலியில்லா உழைப்பைக் குறித்த 'வெட்டி' இன்று பயனில்லா வேலையைக் குறிக்கும் சொல்லாக இழிந்துவிட்டது. அதே பொருளுடைய செக் சொல்லோ உலகமொழிகள் அனைத்திலும் பரவிவிட்டது.

வேர்ச்சொல்லோடு நின்றுவிடும் நூல்கள் கூறாமல் விடும் செய்தி ஒன்றுண்டு. செக் மொழியில் ஆண்பாற் பெயர்கள் உயிருள்ளவை, உயிரற்றவை என இருவகைப்படும். பன்மை விகுதி இவ்விரண்டனுக்கும் வேறு. சாப்பெக் தம் நாடகத்தில் ஆண்ட பன்மை 'ரோபோட்டி' என்பது. இஃது உயிருள்ள ஆண்பாலுக்கு உரிய விகுதி. ஆலைகளில் இயங்கும் பொறிக்கைகளைக் குறிக்கும்போது பிற்காலச் செக் வழக்கில் 'ரோபோட்டி' குறைந்து, உயிரற்றவற்றுக்குரிய ஈற்றைக் கொண்ட வடிவம் இடம்பெறுகிறது. மனித உருவினதாயின் முன்னதும், வெறும் பொறியாயின் பின்னதும் வருவது பெருவழக்கு. நாடகத்தில் பெண் உருவில் வருபவளுக்கு 'ரோபோட்கா' எனப் பெண்பால் விகுதியும் உண்டு. எனவே சாப்பெக்கின் சொல் பிறந்தபோதே ஒரு திணை முடிவையும் உடன்கொண்டு பிறந்தது. ஆங்கிலம் அச்சொல்லைக் கடன்கொண்டபோது விகுதி உதிர்ந்தது, முடிவும் உதிர்ந்தது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லில் திணையைக் காட்டும் ஈறு இல்லையாதலின், அம்மொழியினர் இச்சிக்கலைப் பெயரில் சந்திக்கவே இல்லை.

தமிழ் சந்தித்தாக வேண்டும். தொல்காப்பியர் கிளவியாக்கத்தைத் தொடங்குவதே இப்பகுப்போடுதான்: மக்கள் என்று கருதப்படுவது உயர்திணை, ஏனைய யாவும் அஃறிணை. நன்னூலார் உயர்திணையை விரித்து மக்களோடு தேவரையும் நரகரையும் சேர்த்துக்கொண்டார். பிற உலகத்தாருக்கு அங்கே இடம் ஏற்கெனவே உண்டு என்பது நோக்கத்தக்கது. ஆனால் மனிதன் செய்த, மனிதனைப் போலப் பேசும் பொருளுக்கு இவ்விருவர் நூலிலும் விதி கிடையாது. முடிக்கும் வினைச்சொல் 'வந்தான்' என்றோ 'வந்தது' என்றோ நின்றே ஆகவேண்டிய மொழியில், இயந்திர மனிதனைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதும் எவரும், தாம் அறியாமலே, ஓர் இலக்கணத் தீர்ப்பை எழுதிவிடுகிறார்.

பழைய நூல்களில் பொறிகளுக்குக் குறைவில்லை. கரும்பாலையைக் குறிக்கும் 'எந்திரம்' சங்கப்பாடல்களிலேயே வருகிறது. சீவகசிந்தாமணியின் மயிற்பொறி அரசியைச் சுமந்து வானில் செல்கிறது. உதயணன் கதையில் எந்திர யானை ஓர் அரசனைச் சிறைப்பிடிக்க உதவுகிறது. புறநானூற்றின் 27ஆம் பாடல் பாகனின்றி இயங்கும் வானவூர்தியை மறுமைப் பேறாகச் சுட்டுகிறது. இன்று 'ஆளில்லா விமானம்' என எழுதும் நாளிதழ்கள் அப்பழைய கற்பனையைத் தெரிந்தோ தெரியாமலோ உரைநடையில் திரும்பச் சொல்கின்றன. இவை அனைத்தும் அஃறிணை, ஐயத்திற்கு இடமில்லை. யானையும் மயிலும் ஊர்தியும் உயிருடையனவாயினும் உயிரற்றனவாயினும் அஃறிணையே ஆதலால், இங்கே இலக்கணம் இடறவில்லை. மனித உருவின் எல்லையில் நிற்பது கொல்லிப்பாவை ஒன்றே. 'பாவை' என்பதில் பால் காட்டும் விகுதி இல்லை. அதனால் அப்பழைய புலவர்கள் தப்பித்துக்கொண்டனர்.

விளியில் பிறந்த சொல்

இனி 'எந்திரன்' என்பதற்கு வருவோம். இச்சொல்லின் வரலாற்றை 2010இல் தொடங்குவது பொருந்தாது. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த சுஜாதாவின் புதினத்தின் பெயர் 'என் இனிய இயந்திரா'. இதன் தொடர்ச்சி 'மீண்டும் ஜீனோ'. இப்பெயர்களை நாம் எண்ணற்ற முறை சொல்லியிருக்கிறோம். அறிவியல் புனைகதை பற்றிய கட்டுரைகளில் மேற்கோளாகக் காட்டியும் இருக்கிறோம். 'இயந்திரா' என்பது எந்தப் பெயரின் விளி என்று நாம் கேட்டுப்பார்த்ததில்லை.

'இயந்திரம்' என்பதன் விளி 'இயந்திரமே' என்றுதான் வரும். மரம் மரமே ஆவது போல, மனம் மனமே ஆவது போல, மகர ஈற்று அஃறிணைப் பெயர் ஏகாரம் பெற்றே விளியேற்கும். 'ஆ' என ஈறு திரிவது 'அன்' ஈற்று உயர்திணைப் பெயர்க்கு உரியது. தொல்காப்பியத்தின் விளிமரபு இதனைத் தெளிவாக வரையறுத்துள்ளது. நண்பன் நண்பா ஆகும். முருகன் முருகா ஆகும். எனவே 'இயந்திரா' என்னும் விளி 'இயந்திரன்' என்னும் எழுவாயை முன்கருதி நிற்கிறது. அக்காலத்தில் 'இயந்திரன்' என்று எவரும் எழுதிவந்ததாகத் தெரியும் வழக்கில்லை. எழுவாய் வழங்குவதற்கு முன்பே விளி வழங்கிவிட்டது. 'என் இனிய நண்பா' என்று மடல் தொடங்கும் வாய்பாட்டில் நண்பனை நீக்கிவிட்டு இயந்திரத்தை வைத்தார் சுஜாதா; வாய்பாடு தன் விகுதியை அதற்கும் கொடுத்துவிட்டது.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். இது திணை வழுவமைதி என்றும், அன்பினால் அஃறிணைப் பொருளை உயர்திணையாகக் கூறுதல் நன்னூலார் உடன்பட்டதே என்றும், எனவே இதில் புதுமை இல்லை என்றும் கூறலாம். உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகியவற்றால் திணை மயங்கும் என்பது அந்நூலின் விதி; பசுவை அம்மையென்று கூறி உயர்திணை வினை கொடுப்பது உரையாசிரியர் தரும் சான்று. மறுப்பு சரியானதே. புதினத்தின் பெயரில் நாம் காண்பது உவப்பு வழுவமைதிதான். ஆனால் வழுவமைதி சொல்லுவானின் உணர்ச்சியில் தோன்றி அவ்வாக்கியத்தோடு முடிவது. அன்பு கொண்டவன் பசுவை அம்மை என்கிறான்; அகராதி பசுவை அம்மை என்பதில்லை. சுஜாதாவின் விளியோ முடியவில்லை. ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்குப் பின், அவருடைய பங்கும் கலந்த வசனத்தோடு வெளிவந்த திரைப்படத்தின் பெயரில் அது எழுவாயாக நின்றது. 2008 பிப்ரவரியில் மறைந்த அவர் அப்படத்தைத் திரையில் காணவில்லை. இடைப்பட்ட காலத்தில் ஒரு கணநேர அன்பு இலக்கணப் பாலாக இறுகிவிட்டது. 'எந்திரன்' என்று இன்று சொல்லும் சிறுவன் எந்தப் பொறியின் மீதும் தனிப்பட்ட அன்பு கொண்டு அதனைச் சொல்வதில்லை. அஃது அவனுக்கு வெறும் பெயர்ச்சொல். வழுவமைதி வழக்காதல் என்னும் இந்நிகழ்வைக் கதைச்சொற்களின் பிறப்புக்கு உரிய தமிழ்வழி என்றே கூறலாம்.

புதினத்தின் உள்ளே நிலைமை வேறு என்பதனையும் குறிக்க வேண்டும். ஜீனோ என்பது பேசும் இயந்திர நாய். அது பேசி முடிக்கும்போதெல்லாம் ஆசிரியர் 'என்றது' என்றே எழுதுகிறார். தலைப்பு உயர்திணை, கதை அஃறிணை. நாயின் உருவம் ஆசிரியரைக் காப்பாற்றியது என்பேன். மனித உருவைக் கொடுத்திருந்தால் ஒவ்வொரு வரியிலும் அவர் தீர்மானிக்க வேண்டியிருந்திருக்கும். வேறொன்றும் கண்ணில் படுகிறது. நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா, ஜீனோ என முதன்மைப் பெயர்கள் யாவும் இரண்டெழுத்து. மனிதனுக்கும் பொறிக்கும் பெயரளவில் வேறுபாடு காணாத ஒரு சமுதாயத்தை, விளக்கவுரை ஏதுமின்றி, எழுத்தெண்ணிக்கையாலேயே அவர் காட்டிவிட்டார். புதுச்சொற்களை உருவாக்குவதில் ஆர்வமற்றவர், ஆங்கிலச் சொற்களை அப்படியே தமிழெழுத்தில் எழுதிவிடுபவர் என்று சுஜாதாவைக் குறைகூறுவோர் உண்டு. சொற்களின் வேரில் அக்குறை உண்மையே. ஈறுகளில் அவர் செய்ததை அவர்கள் பார்க்கவில்லை.

இகரமும் அன்னும்

கலைச்சொற்குழுக்கள் சென்ற வழி இதற்கு நேர்மாறானது. கருவியைக் குறிக்க அவர்களுக்கு விருப்பமான விகுதி இகரம். தொலைபேசி, கைபேசி, மின்விசிறி, கணினி, தானியங்கி எனச் சொற்கள் பெருகின. வினையடியோடு இகரம் சேர்ந்தால் அவ்வினையைச் செய்யும் கருவி என்ற பொருள் இன்று எந்தப் பள்ளி மாணவனுக்கும் விளங்கும். இஃது இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்ச் சொல்லாக்கத்தின் பெரும் வெற்றிகளுள் ஒன்று. 'ரோபோட்' என்பதற்குத் 'தானியங்கி' என்று கூறுவோர் அதனைக் கருவிகளின் வரிசையில் நிறுத்துகின்றனர். 'எந்திரன்' என்போர் ஆட்களின் வரிசையில் நிறுத்துகின்றனர். இவ்விரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்லுக்குரிய இரு மொழிபெயர்ப்புகள் அல்ல. ஒரே பொருளைப் பற்றிய இரு வேறு தீர்ப்புகள். பட்டியலில் இரண்டையும் காற்புள்ளி இட்டு அடுத்தடுத்து எழுதிவிடுவது எத்துணைப் பிழை என்பது இதனால் விளங்கும்.

ஆங்கிலத்திலும் கதையாசிரியர்கள் ஈறுகளில் விளையாடியுள்ளனர். ஐசக் அசிமோவ் 1941இல் வெளியான ஒரு சிறுகதையில் ரோபோட்டுகளைப் பற்றிய துறைக்கு 'ரோபோட்டிக்ஸ்' என எழுதினார். இயற்பியலின் பிற பிரிவுகளுக்கு உள்ள ஈறு இதற்கும் இருக்கும் என்று எண்ணி, அச்சொல் முன்னரே உள்ளதென்றே நம்பியிருந்தார். தாம்தான் அதனை முதலில் எழுதினோம் என்பது பின்னரே அவருக்குத் தெரியவந்தது. இத்துறைக்குத் தமிழில் 'எந்திரவியல்' என்றால் பொறியியலின் பழைய பிரிவாகிய இயந்திரவியலோடு மயங்கும். 'எந்திரனியல்' என்று எழுதுவோர் அம்மயக்கத்தை ஒரு னகரத்தால் தீர்க்கின்றனர். திரைப்படப் பெயரின் ஈறு ஓர் அறிவியல் துறையின் பெயருக்குள் புகுந்துவிட்டது என்பதே இதன் பொருள்.

கதை வாசகர்கள் தாமே ஆக்கிய சொற்களையும் இங்குக் கருதவேண்டும். அமெரிக்க வாசகர்கள் தமக்குள் கைப்படிகளாக வெளியிட்ட சிற்றிதழ்களுக்கு 'ஃபேன்சீன்' என்னும் பெயரை 1940இல் லூயி ரசல் ஷோவனே என்னும் வாசகர் இட்டார். அது பின்னர் அகராதி ஏறியது. தமிழில் அத்தகைய வாசகர் கூட்டம் சிறுகதை வட்டாரத்தைவிடச் சிவகாசியிலிருந்து வெளிவந்த சித்திரக்கதைகளைச் சுற்றியே திரண்டது. 1970களின் தொடக்கத்தில் முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு வந்த 'இரும்புக்கை மாயாவி' 1962இல் இங்கிலாந்தில் தோன்றிய தொடர். மின்னதிர்ச்சி ஏற்றதும் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் மனிதன் அதன் தலைவன். ஆங்கிலப் பெயர் கையை மட்டுமே கூறியது. மறைதலைத் தமிழ்ப் பெயரே கூறிற்று. இராமாயணத்தில் வாலியோடு பொருத அசுரனின் பெயராக நாம் அறிந்த 'மாயாவி', ஒரே பாய்ச்சலில் மின்னாய்வுக்கூடத்துக்கு வந்து, கதைத்தலைவனும் ஆகிவிட்டான். இதனை மொழிபெயர்ப்பு என எவ்வாறு கூறுவது?

இதனினும் எனக்குச் சுவை தருவது ஆர்ச்சி என்னும் இயந்திர மனிதனுக்குத் தமிழில் வாய்த்த பெயர். 1952இல் இங்கிலாந்துச் சிறுவர் இதழ் ஒன்றில் தோன்றிய இப்பாத்திரத்தை லயன் காமிக்ஸ் வட்டாரத்தார் 'சட்டித்தலையன்' என்பர். மொட்டைத்தலையன், சப்பைமூக்கன் என்னும் தெருவிளையாட்டுப் பட்டப்பெயர்களின் வார்ப்பு இது. உறுப்புப்பெயரோடு 'அன்' சேர்த்து ஆளைக் கேலிசெய்யும் இவ்வமைப்பு பழைய இலக்கணத்துக்கும் உடன்பாடானது. கலைச்சொற்குழு எதுவும் இதனை ஆக்கவில்லை; ஆக்கியிருந்தால் 'அன்' வந்திராது. கேலி செய்யப்படுவதற்கேனும் ஒருவன் ஆளாக இருக்கவேண்டும். சுஜாதாவிடம் உவப்பு செய்ததை இங்கே இழிப்பு செய்கிறது. நன்னூலார் இவ்விரண்டையும் ஒரே நூற்பாவில் அடக்கியது தற்செயல் அன்று.

'அன்' விகுதிக்கு ஒரு விலையும் உண்டு. அது திணையோடு பாலையும் தீர்த்துவிடுகிறது. 'எந்திரன்' ஆண். அதற்குப் பெண்பால் இணை எது? இலக்கணப்படி முயன்றால் கிடைக்கும் 'எந்திரி', பேச்சுவழக்கில் உறங்குபவரை எழுப்பும் ஏவலாகிவிடுகிறது. 2018இல் வெளிவந்த அதே படத்தின் தொடர்ச்சியில் பெண் உருவில் வரும் பொறிக்கு 'நிலா' என்னும் இயற்பெயர் மட்டுமே கிட்டியது, இனப்பெயர் கிட்டவில்லை. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2020 ஜனவரியில் 'வியோமித்ரா' என்னும் பெண் உருவப் பொறியைக் காட்சிப்படுத்தியபோது தமிழ் நாளிதழ்கள் 'பெண் ரோபோ' என எழுதின. 'பெண் எந்திரன்' என எழுத எவர்க்கும் கை வரவில்லை. நூறாண்டுக்கு முன் சாப்பெக் தம் மொழியின் விகுதிகளுள் எளிதாகக் கண்டெடுத்த பெண்பாற்சொல் நமக்கு இன்னும் அமையவில்லை. அவ்விடத்தில் நாம் கடன்சொல்லுக்கே திரும்புகிறோம்.

வாசியா, அயலானா

பிற உலகத்தாரைக் குறிக்கும் சொற்களில் இதே போட்டி வேறு உருவில் நடைபெறுகின்றது. நெடுநாளாக வழங்குவது 'வேற்றுக்கிரகவாசி'. தமிழும் வடமொழியும் கலந்த இக்கூட்டுச்சொல் நம் தனித்தமிழ் அன்பர்களுக்கு உவப்பானதன்று. 2024 ஜனவரியில் ஆர். ரவிக்குமார் இயக்கத்தில் வெளிவந்த படம் 'அயலான்' என்னும் பெயரைத் தாங்கியது. தூய தமிழ், சுருக்கம், காதுக்கும் இனிது. அயல், அயலார் என்பன பழமையான சொற்கள். அச்சொல் பெற்ற வரவேற்பில் வியப்பில்லை.

எனினும், சொல்லாக்கம் என்ற நோக்கில் பழைய கலப்புச்சொல்லே மேலானது என்பது என் கருத்து. ஆங்கிலத்தில் இப்பொருளுக்கு வழங்கும் 'ஏலியன்' என்பது 'பிறனுக்கு உரியது' என்னும் இலத்தீன் அடியிலிருந்து வந்தது. அவன் இங்குள்ளவன் அல்லன் என்பது மட்டுமே அச்சொல்லின் செய்தி. 'அயலான்' அச்செய்தியை அப்படியே பெயர்த்துக்கொண்டது. மிகுதியாக ஆண்பால் விகுதியையும் சேர்த்துக்கொண்டது. கருவிலேயே அது மொழிபெயர்ப்பு. 'வேற்றுக்கிரகவாசி'யோ வேறு வகையில் சிந்திக்கிறது. அவனுக்கும் ஓர் ஊர் உண்டு, அவ்வூரில் அவன் குடியிருப்பவன் என்கிறது. 'வாசி' ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. உயர்திணை என்பதனை உறுதிசெய்து பாலைத் திறந்தே வைக்கிறது. தேவர்க்கும் நரகர்க்கும் உயர்திணையில் இடம் தந்த நன்னூலார் இச்சொல்லை மகிழ்ந்து ஏற்றிருப்பார். அதன் வடமொழிக் கூறுகளைப் பற்றி அவர் கவலைப்பட்டிருக்கமாட்டார். கலப்புத்தான் குறையெனில் 'வேற்றுக்கோளார்' என்றோ பிறவாறோ மாற்றிக்கொள்ளலாம். குடியிருப்பு என்னும் கருத்தை இழக்கவேண்டியதில்லை.

இதனை அந்தமானில் இருந்து எழுதுவதனால் சற்று அழுத்தியே கூறுகின்றேன். இங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேறோர் ஊர் உண்டு. எங்கிருந்து வந்தவர், எந்த ஆண்டுக்கு முன் வந்தவர் என்பன ஆவணச்சொற்களாகவே நிலைத்துள்ளன. 1942க்கு முன் குடியேறியோரின் வழியினரைக் குறிக்க அவ்வாண்டின் பெயராலேயே ஒரு வகுப்பு உண்டு. தீவுகளின் மூத்த குடிகளை 'ஆதிவாசி' என்கிறோம். 'ஆதிவாசி'யும் 'வேற்றுக்கிரகவாசி'யும் ஒரே ஈற்றில் முடிவதனை இங்குள்ள மாணவர் ஒருவரே எனக்குச் சுட்டிக்காட்டினார். முன்னிருந்தவரையும் பின்வருபவரையும் குடியிருப்பவராகவே கருதும் ஈறு அது. 'அயலான்' என்னும் சொல்லை இத்தெருவில் சொல்லும்போது யார் எவரைக் குறிக்கிறார் என்ற தெளிவு உண்டாவதில்லை.

நாள் குறித்தல்

மேற்கூறியவற்றை நிறுவ வேண்டுமாயின் சொற்களின் முதல் வழக்குக்கு நாள் குறிக்கவேண்டும். ஆங்கிலத்தில் இப்பணி நடைபெற்ற முறை கருதத்தக்கது. 2001இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியார் அறிவியல் புனைகதைச் சொற்களுக்கு முதல் மேற்கோள்களைத் திரட்டத் தொடங்கியபோது அவர்களுக்குக் கைகொடுத்தவர்களுள் பெரும்பாலோர் வாசகர்களே. பழைய மலிவுத்தாள் இதழ்களைப் பெரிய நூலகங்கள் சேர்த்துவைத்ததைவிட அவ்வாசகர்கள் மிகுதியாக வைத்திருந்தனர். அத்தொகுப்பின் பயனாக ஜெஃப் புரூச்சர் 2007இல் தனி அகராதி ஒன்றனை வெளியிட்டார். ஜெசி ஷைட்லோவர் அதனை விரித்து 2021இல் யாவரும் காணும்படி செய்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஆண்டும் இதழும் பக்கமும் உண்டு.

தமிழில் 1924 முதல் 1939 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதிக்கு இச்சொற்கள் காலத்தால் பிந்தியவை. 1992இல் முதற்பதிப்புக் கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி சொல்லின் இன்றைய வாழ்க்கையைச் சிறப்பாகக் காட்டுகிறது. சொல்லின் பிறந்தநாளைத் தருவது அதன் நோக்கம் அன்று. எஞ்சியிருப்பவை வார இதழ்த் தொடர்களே. புத்தகப் பதிப்பைச் சான்றாகக் கொள்வதில் இடர் உண்டு. ஆசிரியரும் பதிப்பாளரும் சொற்களை மாற்றியிருக்கலாம். 'விஞ்ஞானம்' 'அறிவியல்' ஆனது போன்ற மாற்றங்கள் மறுபதிப்பில் ஓசையின்றி நிகழ்பவை.

இங்கேதான் நம் வாசகர்களின் பழைய வழக்கம் ஒன்று நினைவுக்கு வருகிறது. தொடர்கதையின் பக்கங்களை வாரந்தோறும் இதழிலிருந்து பிரித்தெடுத்து, முடிந்ததும் கட்டமைத்து வைப்பது தமிழ்க் குடும்பங்களின் மரபு. சௌல்தாரியில் ஒரு வீட்டில் அத்தகைய கட்டு ஒன்றனைக் காண நேர்ந்தது. சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பலில் வந்த இதழ்களைச் சேர்த்து அக்குடும்பத்தின் முதியவர் போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) கொடுத்துக் கட்டியது. முதல் பக்கத்தில் 'என் இனிய இயந்திரா' என்னும் தலைப்பு ஓவியத்தோடு தெளிவாக இருந்தது. கட்டுபவர் ஓரங்களைச் சீராக வெட்டியிருந்தார். இதழின் நாள் அச்சாகியிருந்த அடிவரியும் அவ்வெட்டில் போயிற்று. கடைசி அத்தியாயங்களைக் கறையான் தின்றிருந்தது.

முதியவர் வருந்தினார், நான் பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். தொடரின் பக்கத்துக்குப் பின்புறம் விளம்பரங்கள் இருந்தன. ஒன்று தீபாவளித் துணி விற்பனையைக் கூறியது. மற்றொன்று ஒரு திரைப்படத்தின் வெளியீட்டை அறிவித்தது. அத்தியாயங்களை வாரக்கணக்கில் முன்னும் பின்னும் எண்ணி, இவ்விரண்டு புள்ளிகளிலிருந்து ஒவ்வொரு பக்கத்துக்கும் நாள் குறிப்பது இயலும். கல்வெட்டாய்வாளர் அரசனின் ஆட்சியாண்டை வைத்துக் கணக்கிடுவதனைவிட இது கடினமானதன்று. ஒவ்வொரு குறிப்பட்டையிலும் சொல், ஆண்டு, இதழ், பக்கம் என்பவற்றோடு அச்சொல் ஏற்ற வினையின் திணை, பால், விளியாயின் அதன் ஈறு என மூன்று கட்டங்களைச் சேர்க்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். ஆங்கிலக் குறிப்பட்டைகளில் அக்கட்டங்கள் இல்லை. அம்மொழிக்கு அவை தேவைப்படவில்லை. அந்தக் கட்டினை அம்முதியவர் எனக்குத் தர முன்வந்தார். அவர் வீட்டிலேயே பக்கங்களைப் படமெடுத்துக்கொண்டு, கறையான் தின்னாத அட்டைப்பெட்டி ஒன்றனை வாங்கிக்கொடுத்து வந்தேன்.